மறுபடி விழுந்தால் தாங்குமா?

பந்தயத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்ட எவரும் மருத்துவரிடம் முதலில் கேட்பது, “எப்போது சைக்கிள் ஓட்டலாம்?” என்பதைத்தான். நானும் அதையே கேட்டேன். எக்ஸ்ரே படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த எலும்பு மருத்துவர் திருப்பிக் கேட்டார்: “எங்கே ஓட்டப் போகிறீர்கள்? வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னரிலா, ஆளில்லாத சாலையிலா, தோளோடு தோள் உரசிப் போகும் கூட்டத்திலா? மூன்றுக்கும் தனித்தனி தேதி. மிதிப்பதற்கு இந்த எலும்பு பெரிதாகத் தேவைப்படாது. விழுவதற்குத்தான் தேவைப்படும்.”

அன்று அந்தப் பதில் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எடுத்த சரியான முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். பந்தயச் சாலையில் விழுவது விதிவிலக்கு அன்று. விளையாட்டின் ஒரு பகுதி. ஆகவே திரும்பி வருவதற்கான அளவுகோல் “ஓட்ட முடிகிறதா” என்பதாக இருக்க முடியாது. மறுபடி விழுந்தால் உடம்பு தாங்குமா என்பதுதான் அளவுகோல். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடைசிச் சுற்றில், ஒரு வலப்பக்க வளைவில் அது நடந்தது. எனக்கு இரண்டு சக்கரம் முன்னால் போனவரின் முன்சக்கரம் அவருக்கு முன்னால் இருந்தவரின் பின்சக்கரத்தில் தட்டியது. இப்படித் தட்டினால் முன்னால் இருப்பவர் பெரும்பாலும் நிமிர்ந்துவிடுவார். பின்னால் இருப்பவர்தான் விழுவார், அவர்மேல் அடுத்தவர்கள் விழுவார்கள். விலக இடமில்லை. இடது தோள் முதலில் தரையில் மோதியது, பிறகு தலை, பிறகு இடுப்பும் தொடையும் தேய்ந்துகொண்டே போயின.

விழுந்த சைக்கிள் வீரர் எவரும் முதலில் சைக்கிளைத்தான் தேடுவார். உடம்பில் அட்ரினலின் பொங்கும் அந்த நிமிடங்களில் வலி தெரியாது. தெரிந்தாலும் பொருட்டாக இருக்காது. நான் எழ முயன்றபோது எங்கள் அணியின் மெக்கானிக் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். “இது எந்தப் பந்தயம்? இன்னும் எத்தனை சுற்று பாக்கி? போன பந்தயத்தில் யார் ஜெயித்தார்?” முதல் இரண்டுக்கும் சட்டென்று பதில் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. ஜெயித்தது எங்கள் அணிக்காரர்தான். மெக்கானிக் வேறு எதுவும் பேசாமல் என் சைக்கிளைத் தூக்கி வண்டியின் மேல் மாட்டிவிட்டார்.

அவர் செய்தது பெரிய காரியம். மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் போட்டு விழ வேண்டிய அவசியமில்லை. தலை நேராகத் தரையில் மோத வேண்டும் என்றுகூட இல்லை. கழுத்து வேகமாக உதறப்பட்டாலே போதும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். 2017-இல் கலிபோர்னியா சுற்றுப் பந்தயத்தில் லாட்வியா வீரர் டாம்ஸ் ஸ்குயின்ஷ் இறக்கத்தில் விழுந்து, நிற்க முடியாமல் தள்ளாடி, எதிரே வேகமாக வந்த வீரர்களுக்கு நடுவே சாலையைக் கடந்து, மறுபடி சைக்கிளில் ஏறிய காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிற்பாடுதான் அவரை அணி நிறுத்தியது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ. 2020 டிசம்பரில் மூளை அதிர்ச்சிக்கென ஒரு நெறிமுறையை அறிவித்தது. மருத்துவர் வந்து சேரும் முன்பே விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேரும் பயிற்சியாளர்களும் மெக்கானிக்குகளும் அறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி பெற வேண்டும் என்பது அதில் முக்கியமான அம்சம். மற்ற விளையாட்டுகளில் ஆட்டத்தை நிறுத்தி வீரரை ஓரமாக உட்காரவைத்துச் சோதிக்கலாம். சாலைப் பந்தயம் யாருக்காகவும் நிற்காது; ஒரு நிமிடம் தாமதித்தால் கூட்டம் ஒரு கிலோமீட்டர் போய்விடும். எனவே அந்த முடிவை விழுந்தவரிடம் விடவே கூடாது. அணியில் யார் அந்த முடிவை எடுப்பார், அவர் சொன்னால் மறுபேச்சில்லை என்பதைப் பந்தயத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே காட்டியது எதிர்பார்த்ததுதான். தோளில் விழும்போது அந்த மோதலின் விசை முழுவதும் காறை எலும்பின் வழியாக மார்புக்குப் போகிறது. மெல்லிய அந்த எலும்பு பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் முறியும். முறிந்த முனைகள் அதிகம் விலகாமல் இருந்தால் கையைக் கழுத்தில் மாட்டும் தூளியில் போட்டு ஆறவிடுவார்கள். விலகி ஒன்றின்மேல் ஒன்று ஏறி எலும்பின் நீளம் குறைந்திருந்தாலோ, பல துண்டுகளாகியிருந்தாலோ, முனை தோலை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தாலோ தகடும் திருகுகளும் வைத்துப் பொருத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குத் தகடு வைத்தார்கள். தொழில்முறை வீரர்கள் எல்லோரும் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள் என்பதற்காக நீங்களும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தூளியிலேயே நன்றாகச் சேர்ந்துவிடும் முறிவுகள் நிறைய உண்டு. தகட்டுக்குத் தொற்று, தோலில் மரத்துப்போதல், பிற்பாடு அதை எடுக்கும் இன்னொரு அறுவை என்று தனி விலை உண்டு.

காறை எலும்பைப் பற்றிய பரபரப்பில் மணிக்கட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கையை ஊன்றி விழுந்தவர்கள் கட்டைவிரலை விரித்து நீட்டும்போது அதன் அடியில் உண்டாகும் சிறு பள்ளத்தை அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்கேஃபாய்ட் என்கிற சின்ன எலும்பு அங்கே இருக்கிறது. அதில் ஏற்படும் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அதற்கு வரும் இரத்த ஓட்டமும் ஒரு பக்கத்திலிருந்துதான் என்பதால், கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். எனக்கு முதல் படம் சுத்தமாக இருந்தும் மருத்துவர் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டுப்போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தக் கட்டு வீண் என்று நான் நினைக்கவில்லை. பிரேக்கையும் கியரையும் வாழ்நாள் முழுக்க இயக்கப்போகும் கை அது.

இனி சிராய்ப்பு. எலும்பு முறிவைப் பற்றி ஊரே விசாரிக்கும். சிராய்ப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். முதல் வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். தார்ச்சாலையில் தேய்ந்த தோல் ஆழம் குறைந்த தீக்காயத்துக்குச் சமம்: பரப்பு பெரிது, நரம்பு முனைகள் திறந்து கிடக்கும், நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதற்குள் பொடிக்கல்லும் தார்த்துகளும் புதைந்திருக்கும். அவற்றை அன்றே எடுத்தாக வேண்டும். விட்டால் தொற்று வரும், இல்லையென்றால் தோலுக்கடியில் பச்சை குத்தியதுபோல் கருப்புப் புள்ளிகளாக நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்தச் செவிலியர் முதலில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, அது வேலை செய்யும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு உப்புநீரைப் பீய்ச்சி, ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்தார். துணி ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறமாக மாறியது. துணி வெறும் இளஞ்சிவப்பாக வந்த பிறகுதான் நிறுத்தினார்.

புண்ணைக் காற்றாட விட்டுப் பொருக்கு கட்டவிட வேண்டும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். ஈரப்பதத்தைத் தக்கவைக்கும், ஒட்டாத கட்டுத்துணியால் மூடிய காயம் விரைவாகவும் குறைந்த தழும்போடும் ஆறும். வெறும் பருத்தித் துணி ஒட்டிக்கொள்ளும்; அதைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வரும். ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள், குளிக்கும்போது நீரை ஓடவிட்டுத் தானாகக் கழலவிடுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சூடு, சீழ், காய்ச்சல் என்று எது வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மண் படிந்த காயமென்றால் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தாலே பூஸ்டர் போடுவார்கள். ஆறிய பிறகும் புதுத்தோல் வெயிலில் கறுத்துவிடும் என்பதால் பல மாதங்கள் மூடியே வைத்திருக்க வேண்டும்.

வலி மாத்திரை விஷயத்தில் பந்தய வீரருக்கு மற்ற நோயாளிகளுக்கு இல்லாத ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. பல இடங்களில் அறுவைக்குப் பின் சாதாரணமாக எழுதித்தரும் டிரமடால் என்ற மருந்தை யூ.சி.ஐ. 2019 மார்ச் 1 முதல் பந்தயங்களில் தடை செய்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவும் 2024 ஜனவரி 1 முதல் அதைப் பந்தயக் காலத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும் மருந்தை உட்கொண்டு ஒருவர் கூட்டத்துக்குள் ஓட்டுவது அவருக்கும் ஆபத்து, அவருக்குப் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. வீக்கத்துக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளும் அப்படித்தான். 2022 முதல் எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் பந்தயக் காலத்தில் குளுக்கோகார்டிகாய்டு என்கிற இந்த ஸ்டீராய்டு வகை தடைக்குட்பட்டது. வீட்டில் படுத்திருக்கும்போது இவை பிரச்சினையில்லை. ஆனால் மருந்து உடம்பைவிட்டு வெளியேறப் பிடிக்கும் காலத்தையும் அடுத்த பந்தயத் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொடுக்கப்பட்ட ஒவ்வொரு மருந்தின் பெயரையும், அளவையும், தேதியையும், மருத்துவரின் கையெழுத்தோடு பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க நேர்ந்தால் அந்தத் தாள்கள்தான் பேசும்.

முதல் வாரங்களின் அன்றாடம் சின்னச் சின்னச் சிக்கல்களால் ஆனது. மல்லாந்து படுத்தால் தோள் பின்னால் சரிந்து வலிக்கும். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, அரைச் சாய்வில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். உடுத்தும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இதை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து குளியலறைக்குள் நான் பல்லைக் கடிப்பது நின்றது. தூளிக்குள் இருக்கும் கையை அப்படியே விட்டுவிடக் கூடாது. விரல்களை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை நீட்டுவது எல்லாம் முதல் நாளிலிருந்தே. பிறகு மேசையில் நல்ல கையை ஊன்றி முன்னால் குனிந்து, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. கையைத் தோளுக்கு மேல் எப்போது தூக்கலாம், எப்போது எடை தூக்கலாம் என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடமிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். முறிவுக்கு முறிவு அது மாறும்.

சாப்பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் விளையாட்டின் பெரிய நோய் இங்கேதான் இருக்கிறது. படுத்துக் கிடக்கும் சைக்கிள் வீரருக்கு முதலில் வரும் பயம் எடை கூடிவிடுமே என்பது. மேடேறுவதில் எடைக்கு எவ்வளவு வாட், அதாவது எவ்வளவு மிதிக்கும் திறன், என்பதே கணக்காக இருப்பதால், நாம் ஒவ்வொரு கிலோவையும் எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டோம். ஓட்டாத நாளில் உணவைப் பாதியாக்கினால் பொறுப்பாக நடந்துகொள்வதாகத் தோன்றும். உடம்பு அந்தச் சமயத்தில்தான் எலும்பும் தோலும் தசையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆற்றல் கூடுதலாகவே வேண்டும். எங்கள் உணவியல் ஆலோசகர் எனக்கு எடை பார்க்கும் கருவியை எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னார், கூடவே ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம், அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்து என்று எழுதிக்கொடுத்தார்.

இதற்குப் பின்னால் இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஓட்டப்பந்தய வீரரின் எலும்பு ஒவ்வொரு அடியிலும் தரையில் மோதி, அந்த அதிர்வால் வலுவடைகிறது. சைக்கிளில் அந்த மோதல் இல்லை. உடல் எடையைச் சேணமும் மிதிகட்டையும் தாங்கிக்கொள்கின்றன. இதயமும் நுரையீரலும் உச்சத்தில் இருக்கும் சாலை வீரர்களுக்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதோடு நீண்ட காலக் குறைசாப்பாடும் சேர்ந்தால் ஹார்மோன்கள் குறைந்து எலும்பு மேலும் மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்கு விளையாட்டில் ஏற்படும் சார்பு ஆற்றல் குறைபாடு என்று பெயரிட்டது. ரெட்-எஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது அதன் பளிச்சென்ற அறிகுறி. ஆண்களுக்கு அப்படி வெளியே தெரியும் மணி எதுவும் அடிக்காது என்பதால் பெரும்பாலும் எலும்பு முறிந்த பிறகுதான் தெரியவரும். எனவே முறிவு ஏற்பட்டு மருத்துவமனையில் இருக்கும்போதே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனையும் இரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. எனக்கு டி குறைவாக இருந்தது தெரிந்தது. பளு தூக்கும் பயிற்சி இப்போது என் வாரத்தில் நிரந்தரமாக இருப்பதற்கும் அந்த ஸ்கேன்தான் காரணம்.

தலைக்கு வருகிறேன். மூளை அதிர்ச்சிக்கு இருட்டறையில் வாரக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய முறை. இப்போது முதல் 24 முதல் 48 மணி நேரம் திரையைக் குறைத்து ஓய்வாக இருந்து, பிறகு அறிகுறிகள் அதிகமாகாத அளவுக்கு மெதுவான நடையிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். அதன்பின் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. தலைவலியோ குமட்டலோ திரும்பினால் ஒரு படி கீழே. என் விஷயத்தில் வலி சீக்கிரம் போய்விட்டது. ஆனால் கடைத்தெரு இரைச்சலில் பேச்சைப் பின்தொடர முடியாமல் இருந்தது, ஒரு பத்தியைப் படித்து முடித்தால் அதன் தொடக்கம் நினைவில் இல்லை. வீட்டில் இருந்தவர்கள்தான் நான் சிடுசிடுப்பதைக் கவனித்துச் சொன்னார்கள். கூடவே இருப்பவரிடம் “நான் எப்படி இருக்கிறேன்?” என்று தினமும் கேளுங்கள், இதில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. படிப்பும் பேச்சும் வேலையும் பழைய நிலைக்கு வந்த பிறகே கடும் பயிற்சி. எலும்பு தயாராக இருக்கிறது என்பதை வைத்துத் தலைக்கு அனுமதி கொடுத்துவிடக் கூடாது.

டிரெய்னரில் முதலில் ஏறும் நாள் இனிப்பானது, அதனாலேயே கவனமாக இருக்க வேண்டிய நாள். ஹேண்டில்பாரைப் பிடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தேவையானால் நல்ல கையை மட்டும் ஓர் உயரமான மேசையில் வைத்துக்கொண்டு மிதித்தேன். எழுந்து நின்று மிதிப்பது கூடாது, ஹேண்டிலை இழுப்பது கூடாது. எதிரே மின்விசிறி, கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள ஒரு துண்டு. முதல் வாரங்களில் இதயத் துடிப்பு எப்போதும்விட எகிறும். பயந்துவிடாதீர்கள். பயிற்சி நின்ற சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறைகிறது. தொடங்கினால் அதே வேகத்தில் திரும்பியும் வரும். கால்கள் அதிசயிக்கத்தக்க வேகத்தில் மீளும். அந்த இடத்தில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது: வாட் எண் பழைய நிலையைத் தொட்ட நாளன்று நாம் முழுக்க ஆறிவிட்டதாக மனம் முடிவு கட்டிவிடுகிறது. திரையில் தெரியும் அந்த எண்ணுக்குத் தோளைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

இந்தச் சமயத்தில் பெரிய வீரர்களின் கதைகள் நம்மை உசுப்பும். 2024 ஏப்ரல் 4 அன்று பாஸ்க் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் யோனாஸ் விங்கேகோர் விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். ஜூன் 29 அன்று தொடங்கிய டூர் டி பிரான்சில் ஓட்டி, ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்று, மொத்தத்தில் இரண்டாவதாகவும் வந்தார். ரியோ ஒலிம்பிக்கில் 2016-இல் முன்னிலையில் இருந்தபோது இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் முறிவுகளோடு கிடந்த அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன், டோக்கியோவில், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேரப் பந்தயத்தில் தங்கம் வென்றார். போலந்து சுற்றில் 2020 ஆகஸ்டில் முடிவுக்கோட்டருகே தடுப்பில் மோதி முகம் சிதைந்த ஃபாபியோ யாகப்ஸன், அடுத்த ஆண்டு ஸ்பெயின் சுற்றில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையும் பெற்றார். இவை உண்மைதான், எனக்கும் ஊக்கம் தந்தவைதான். ஆனால் 2019 ஜூனில் ஒரு பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்வையிடப் போய்ச் சுவரில் மோதிய கிறிஸ் ஃப்ரூம், நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர், அதன் பிறகு ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை என்பதும் அதே அளவு உண்மை. அவரிடம் உழைப்புக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொருவர் எலும்பு சேர்ந்த வேகத்தை வைத்து உங்கள் நாட்காட்டியைக் குறிக்காதீர்கள்.

சாலைக்கு வருமுன் சைக்கிளையும் நோயாளியாகவே நடத்த வேண்டும். ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்கி விசையை வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. மேல் ஓட்டில் கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே அது தன் வேலையை முடித்திருக்கும். கார்பன் சட்டம் உலோகம்போல் வளைந்து எச்சரிக்காது, உள்ளுக்குள் பிளந்து ஒருநாள் திடீரென்று முறியும். எங்கள் மெக்கானிக் ஹேண்டில்பார் நாடாவை முழுக்க உரித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாணயத்தால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்து, ஓசை எங்காவது மழுங்குகிறதா என்று காது வைத்தார். பின்கியர் தொங்கும் கொக்கி சற்று உள்ளே வளைந்திருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் குறைந்த கியருக்கு மாறும்போது அது பின்சக்கரக் கம்பிகளுக்குள் போயிருக்கும். ஹேண்டில்பாரைச் சந்தேகத்தின் பேரிலேயே மாற்றிவிட்டோம்.

பயத்தைப் பற்றி நம் வட்டாரத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சம். முதல் இறக்கத்தில் என் விரல்கள் பிரேக்கின் மேல் விறைத்துக் கிடந்தன. வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை விடவில்லை, பார்வை முன்சக்கரத்துக்குச் சில அடி முன்னால் ஆணியடித்ததுபோல் நின்றுவிட்டது. பயப்படும் ஓட்டுநரின் கை செய்வது இவை, சரியாக இவைதான் விழவும் வைக்கும். வளைவில் சாய்ந்திருக்கும் டயர் பக்கவாட்டுப் பிடிப்பிலேயே தன் சக்தியைச் செலவழித்துக்கொண்டிருக்கும். அங்கே பிரேக்கும் கேட்டால் கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது. தைரியம் வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பது என் அனுபவம். நுட்பத்தைத் திரும்பக் கற்றால் தைரியம் அதன் பின்னால் வருகிறது. வண்டி வராத ஒரே வளைவைத் தேர்ந்து, திரும்பத் திரும்பப் போனேன். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுவது, வெளிப்பக்கக் காலை அழுத்துவது, வளைவு முடியும் இடத்தைப் பார்ப்பது. இவ்வளவுதான். வேகத்தைத் தொடவே இல்லை. அது தானாக ஏறியது.

கூட்டத்துக்குப் பழகுவது வேறு வேலை. புல்தரையில், நடக்கும் வேகத்தில், நம்பிக்கையான ஓர் அணித் தோழரோடு தோளால் தோளை இடித்துப் பழகினோம். பிறகு அவருடைய பின்சக்கரத்தில் என் முன்சக்கரத்தை வேண்டுமென்றே லேசாக உரசவிட்டு, நிமிர்த்திக்கொள்ளக் கற்றேன். புல்லில் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றாலும் இதையும் மருத்துவர் சம்மதித்த பிறகே செய்தேன். சாலையில் முதலில் ஒருவரோடு, பிறகு நால்வரோடு. பெரிய கூட்டத்துக்குள் போனபோது பின்னால் பதுங்கிக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும். பின்வரிசைதான் மோசமான இடம். முன்னால் சிறிதாகத் தொடங்கும் தடுமாற்றம் பின்னால் வரும்போது பெரிதாகி, திடீர் பிரேக்கும் திடீர் ஓட்டமுமாக இருக்கும். முன் மூன்றிலொரு பங்கில், ஓரமாக, விலக ஒரு பக்கமாவது திறந்திருக்கும்படி இருங்கள். உறக்கத்தில், அன்று விழுந்த காட்சியே திரும்பத் திரும்ப வந்தாலோ, சைக்கிளைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தாலோ விளையாட்டு உளவியலாளரிடம் போங்கள். தோளுக்கு இயன்முறை மருத்துவர் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

திரும்பி வந்து ஓட்டிய முதல் பந்தயம் தனிநபர் நேரப் பந்தயம். பயிற்சியாளரும் நானும் பேசி எடுத்த முடிவு அது. பக்கத்தில் யாருடைய சக்கரமும் இல்லை, உடம்பை முழுக்கப் பிழிந்து பார்க்கலாம். கூட்டப் பந்தயத்துக்கு எலும்பு மருத்துவர் தனியாக ஒரு எக்ஸ்ரே கேட்டார். முறிவுக்கோட்டின் குறுக்கே புது எலும்பு பாலம் போட்டிருக்கிறதா, அழுத்தினால் வலியில்லையா, இரண்டு தோள்களும் ஒரே அளவு தூக்குகின்றனவா, கையை ஊன்றித் தண்டால் எடுக்க முடிகிறதா என்று பார்த்தார். பெரியவர்களுக்கு இந்த எலும்பு சேர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் பிடிக்கும், முழு வலுவை அடைய அதற்கு மேலும் ஆகும். “தகடு எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான், எலும்பின் வேலையை அது செய்யாது. எலும்பு சேரும்முன் மறுபடி விழுந்தால் தகடும் வளையும், திருகும் பிடுங்கிக்கொண்டு வரும்” என்றார். அந்தப் படம் நன்றாக வரும்வரை இரண்டு கூட்டப் பந்தயங்களை விட்டுக்கொடுத்தோம். அணி மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. பயிற்சியாளர் என் பக்கம் நின்றார்.

தகட்டை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் பாக்கி. தோல் மெலிந்த இடம் என்பதால் முதுகுப்பையின் பட்டை அதன்மேல் உரசும்போது உறுத்துகிறது. எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த பிறகு திருகுகள் இருந்த துளைகள் நிரம்பும்வரை எலும்பு அந்த இடங்களில் பலவீனமாக இருக்கும். அந்தக் காலத்தில் விழுந்தால் மீண்டும் முறியக்கூடும். ஆகவே பருவத்தின் நடுவில் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசிப் பந்தயம் முடிந்த வாரத்தில் அறுவை, அதன்பின் மருத்துவர் சொல்லும்வரை டிரெய்னரும் பளுப் பயிற்சியும், பிறகு மறுபடி ஒரு எக்ஸ்ரே. கூட்டத்துக்குள் எப்போது நுழைவது என்பதை இந்த முறையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.